டம்மி மூச்சு

அந்த மூச்சில் ஒரு வெட்டு இருந்தது.

அலுவலகத்திலிருந்து வந்து, முகம் கழுவி, கணவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஆறிப்போன டீயோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது கேட்டது. மின்விசிறி வேண்டாவெறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கிருமிநாசினியும் பவுடரும் நாள்பட்ட படுக்கையும் கலந்த வாசனை, அதற்குப் பழகிப்போன மூக்கிலும் அன்று லேசாக ஏறியது. இத்தனைக்கும் அடியில், தொண்டையில் துளையிட்டுச் செருகிய குழாய் வழியாக, உள்ளே போகும்போது மெல்லிய விசிலாகவும் வெளியே வரும்போது ஈரமாகவும் அவன் மூச்சு போய்வந்துகொண்டிருந்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு ஒரு மூச்சு பாதியிலேயே முடிந்தது. முடிந்த கையோடு அடுத்தது தொடங்கிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் சளி என்று நினைத்துவிட்டு டீயைக் குடித்திருப்பார்கள். அவளுடைய பிழைப்பே ஒலி. மனித மூச்சு தடைபடும்போது இழுபடும், தேயும், கொஞ்சம் நடுங்கும். இது அப்படி எதுவும் செய்யவில்லை. பிளேடால் அறுத்த மாதிரி நின்றது. அதைவிட மோசம், அது அவளுக்குத் தெரிந்த இடம். அங்கே வெட்டி ஒட்டியதே அவள்தான்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. அதே மூச்சு, அதே இடம்.

பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு வருடமாக அவளுக்கு எதுவுமே மனதில் உறைப்பதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளிலும், தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, உயிர் இருக்கும், நினைவு வருமா என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன நாளிலும், அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாளே ஒழிய ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உள்ளுக்குள் எங்கோ ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டார்கள் போலிருந்தது. அவளுக்கும் சேர்த்து மாமியார்தான் அழுதாள்.

"அழுதுடும்மா," என்பாள் மாமியார், மகனுடைய போர்வையை மடித்துக்கொண்டே. "அடக்கி வெச்சா உடம்புக்கு ஆகாது. ஒரு தடவை வாய்விட்டு அழுதுட்டா லேசாயிடும்."

"வரலையே அத்தை," என்பாள் இவள். பொய்யில்லை. அடக்கிவைக்கும்படி உள்ளே ஒன்றும் இருந்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வேலை பார்த்த இடத்தில் ஒரு திகில் விளையாட்டு தயாராகிக்கொண்டிருந்தது. கணினியில் ஆடுவது. ஆடுகிறவர் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்வார். துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது. அந்த வீட்டில் இன்னொன்றும் இருக்கும். அதன் கண்ணில் படாமல், அதைவிட முக்கியமாகக் காதில் படாமல், பொழுது விடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அந்த இன்னொன்றுக்கு அலுவலகத்தில் மாப்பிள்ளை என்று பேர். அது வந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்கவேண்டியிருப்பதால் பொறுமை என்பவன் வைத்த பேர். பொறுமை என்பதும் பட்டப்பேர்தான். மாப்பிள்ளையின் நடைக்கும் புத்திக்கும் நிரல் எழுதுகிறவன் அவன். எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்று சொல்லிச் சொல்லியே, பெற்றவர்கள் வைத்த பேரை எல்லோருக்கும் மறக்கடித்துவிட்டான்.

மாப்பிள்ளைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. சரியான குரல் கிடைக்கும்வரை இப்போதைக்கு எதையாவது போட்டுவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதை டம்மி என்பார்கள். எலும்பு முறிவதற்கு அவள் வெள்ளரிக்காயை ஒடித்திருக்கிறாள், சதை கிழிவதற்கு ஈரத்துணியை முறுக்கியிருக்கிறாள். அன்று அவசரம், மறுநாள் காலையில் காட்டியாக வேண்டும். கைக்குக் கிடைத்தது கணவனின் மூச்சு.

அதை அவள் எதற்காகவும் பதிவு செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், அவருக்குக் கேட்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார்ந்தாள். பேச ஒன்றும் வரவில்லை. சும்மா இருந்த கை மைக்கை எடுத்து அவன் தொண்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. நடுவில் ஓரிடத்தில் கட்டில் கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டிருந்தது. டம்மிக்கு அந்தச் சத்தம் ஆகாது என்று அதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டினாள். அதில் ஒரு மூச்சு பாதியாகிப்போனது. டம்மிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று சுற்றிச்சுற்றி ஓடும்படி விட்டுவிட்டாள்.

டம்மியில் ஒரு சங்கடம் உண்டு. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால் அதுதான் அசல் என்று காது அடம்பிடிக்க ஆரம்பித்துவிடும். மாப்பிள்ளைக்காக நடிகர்கள் வந்தார்கள், ஒலியறையில் நின்று புஸ்ஸென்றும் உஸ்ஸென்றும் ஊதிக் காட்டினார்கள். இயக்குநர் ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்து, கை கொடுத்து, வழியனுப்பிவைத்தார்.

"இவங்க எல்லாம் மூச்சு விடற மாதிரி நடிக்கிறாங்க மேடம்," என்றார். "உங்க டம்மி நடிக்கல. எங்க புடிச்சீங்க அதை?"

"பழைய சேமிப்புல கிடந்துச்சு சார்."

அந்த ஒரு பொய்யில் டம்மி நிலைத்துவிட்டது. இப்போது அதே வெட்டு கணவனின் தொண்டையில் கேட்கிறது. தன் காதுதான் கெட்டுவிட்டது, நாள் முழுக்க அதையே கேட்டால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டு, டம்ளரை எடுத்துப் போய்க் கழுவிவைத்தாள்.

சில நாள் கழித்து, மதிய உணவுக்குப் பிறகு பொறுமை ஒலியறைக்கு வந்தான். ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கப் பஞ்சுப் பட்டை. கதவைச் சாத்தினால் வெளியே பகலா இரவா என்று தெரியாது, தன் ரத்தம் ஓடுவதே காதில் விழும் அளவுக்கு அமைதி.

"அக்கா, மாப்பிள்ளைக்குப் புதுசா ஒரு புத்தி வெச்சிருக்கேன். போட்டுக் கேளுங்க."

ஹெட்போனை மாட்டினாள். திரையில் நீளமான நடை, மூடிய கதவுகள், ஓரமாக ஒரு மேசை. அடுத்த அறையிலிருந்து மூச்சு வந்தது, விசிலாக, ஈரமாக, நடுவில் அந்தப் பாதி மூச்சோடு.

"மேசை மேல இருக்கறதைத் தட்டிவிடுங்க."

தட்டிவிட்டாள். மூச்சு நின்றது.

அதுவரை கேட்காத ஏதேதோ அப்போது கேட்டன. கடிகாரம், எங்கோ சொட்டும் குழாய், திரைக்குள் அவள் ஆட்டிவைத்த பெண்ணின் உடை உரசல். அடுத்த அறையில் எதுவும் இல்லாமல் போனதுபோல் இல்லை. இருந்த ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"மூச்சு கேக்கற வரைக்கும் பயமில்ல," என்றான் பொறுமை, குரலைத் தாழ்த்தி. "நின்னுடுச்சுன்னா அது நம்மளக் கேக்குதுன்னு அர்த்தம். அப்போ அசையாம நிக்கணும். சத்தம் வராம இருந்தா அதுபாட்டுக்குத் திரும்ப மூச்சு விடும். எப்படி?"

"நல்லாருக்கு."

"உங்ககிட்ட காட்டறதும் செவுத்துகிட்ட காட்டறதும் ஒண்ணுதான்க்கா. கொஞ்சமாவது பயப்படுங்க."

சிரித்தான். அவளும் சிரிக்கவேண்டிய இடம் என்பதால் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு. அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து ஒரு வருடமாகிவிட்டதால், என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது.

"மதியம் கையிலேருந்து தட்டு நழுவி விழுந்துச்சும்மா," என்றாள், இவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே. "விழுந்த உடனே இவனுக்கு மூச்சு நின்னுடுச்சு. எனக்கு உசிரே போயிடுச்சு. பாத்தா, கொஞ்ச நேரத்துல தானா வருது. சரின்னு கரண்டியால ஒரு தட்டு தட்டிப் பாத்தேன். மறுபடியும் நிக்குது. அவனுக்குக் காது கேக்குதும்மா. நம்ம சத்தம் அவனுக்குக் கேக்குது."

சொன்னதோடு விடவில்லை. கட்டில் பக்கம் போய், டம்ளரில் கரண்டியால் தட்டிக் காட்டினாள்.

மூச்சு நின்றது. மார்பு அசையவில்லை. அரைக்கண் திறந்திருந்தது, எப்போதும்போல் எதையும் பார்க்காமல். மின்விசிறியின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"கேக்குதாப்பா? அம்மாதான்," என்றாள் மாமியார், கண் கலங்கி.

இவள் கதவோரத்திலேயே நின்றாள். கால் அசையவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தாள். மூச்சு திரும்பிவந்த பிறகே உள்ளே போனாள். டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்டபோது, நல்ல அறிகுறியாகக்கூட இருக்கலாம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். மாமியாருக்கு அது போதும். அன்றிலிருந்து அவள் மகனோடு பேசியபடியே இருந்தாள். காய்காரன் சொன்ன விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, அவன் சின்ன வயதில் செய்த விஷமம். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் மூச்சு நின்று, கேட்டு, திரும்பிவந்தது.

மூச்சை விளையாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. மறுநாள் இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த டம்மியை எடுத்துடணும்."

"மேடம், இப்போ போயா? இந்த வாரம் முன்னோட்டப் பதிப்பு வெளிய போகுது. பாத்த அத்தனை பேரும் அந்த மூச்சைத்தான் சொல்றாங்க."

"அது என் வீட்டுக்காரர் மூச்சு சார்."

அவளுடைய வீட்டு நிலைமை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் எழுந்து நின்றார். தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவைத்தார். நல்ல மனிதர். ஏன், எதற்கு, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்க மேடம். எனக்குத் தெரியாது. இப்பவே எடுத்துடச் சொல்றேன்."

அலுவலகக் கூடத்தின் நடுவில் ஒரு பெரிய திரை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றன்று செய்த வேலையையெல்லாம் சேர்த்த விளையாட்டு அதில் ஓடும். ஆடுவதற்கு ஆளில்லாவிட்டாலும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் அறை அறையாக நடந்து, நின்று, மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அவள் அதன் முன்னால் வந்து நின்றபோது பொறுமை தன் இடத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினான்.

"பழசை எடுத்துட்டேன்க்கா. புது மூச்சு நாளைக்கு ஏத்திக்கலாம்."

திரையில் மாப்பிள்ளை நடந்தது. சத்தமில்லை. வாயைத் திறந்து மூடியது. சத்தமில்லை.

கைபேசி அடித்தது. மாமியார்.

"அம்மாடி, மூச்சு வரலைம்மா. நான் ஒண்ணும் தட்டலை. சும்மாதான் உக்காந்திருந்தேன். நெஞ்சு அசையலை. உதடு கறுத்துட்டே வருதும்மா, சீக்கிரம் வாயேன்…"

"வரேன் அத்தை," என்றாள். குரல் சமமாக இருந்தது. அந்தச் சமத்தைக் கேட்டு அவளுக்கே வெறுப்பாக இருந்தது. ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பொறுமையைப் பார்த்துச் சொன்னாள், "பழசைப் போட்டுடு."

"எதை?"

"டம்மியை. இப்பவே போடு."

"பொறுமைக்கா, இப்பத்தானே…"

"போடு."

அவன் போட்டான். திரை ஒருமுறை இருண்டு வந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்தது. விசில். ஈரம். ஃபோனில் மாமியார் ஓங்கி அழுதாள்.

"வந்துடுச்சும்மா, வந்துடுச்சு. கடவுளே. வந்துடுச்சு."

கூடத்தில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இயக்குநரிடம் போய், யோசித்துப் பார்த்தேன், அந்த மூச்சு இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். அவர் முகத்தில் வந்த நிம்மதியை மறைக்கப் பாடுபட்டார். இனி அது விளையாட்டில் இருக்கும்வரைதான் அவன் இருப்பான். அவ்வளவு எளிமையான கணக்கு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வைத்தியம் அவளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள்.

மறுநாள் பொறுமை அவளைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டான். நேற்றைய கலவரத்துக்குச் சமாதானமாக எதையாவது காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பான்.

"கடைசி வேலை முடிஞ்சுதுக்கா. இதோட மாப்பிள்ளை முழுசு."

திரையில் மாப்பிள்ளை ஒரு கட்டிலில் கிடந்தது. அது படுத்து அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. பொறுமை ஒரு கதவைத் தட்டினான். மூச்சு நின்றது. தட்டியதோடு நிற்காமல் இன்னொரு தட்டு தட்டினான். கிடந்தது மெதுவாகத் தலையைச் சத்தம் வந்த பக்கம் திருப்பியது. பிறகு உட்கார்ந்தது. பிறகு எழுந்தது.

"இதை எடுத்துடேன்," என்றாள்.

"எதை?"

"எழுந்திருக்கறதை. கேக்கறதோட விட்டுடு."

"என்னக்கா நீங்க. எழுந்திருக்கறதுதான் விளையாட்டே. படுத்தே கிடந்தா அதுக்கு யாரு பயப்படுவா?"

"எழுந்தா என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடக்கூடாது. ஓடினவங்க யாரும் தப்பிக்கல. கூப்பிடக்கூடாது. நின்ன இடத்துல நிக்கணும், அது போற வரைக்கும்."

"போகுமா?"

"சத்தமே வரலைன்னா போகும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், "அத்தை, அவர் அறையில கொஞ்சம் சத்தம் இல்லாம இருங்க," என்றாள்.

"நல்லா சொன்னே. டாக்டரே பேசச் சொல்றாரு," என்றாள் மாமியார். "இன்னிக்குத் தலையைத் திருப்பினாம்மா. நான் கூப்பிட்ட பக்கம் திரும்பினான். நீ வேணா பாரு, இன்னும் ரெண்டு நாள்ல எழுந்து உக்காருவான்."

இவள் கட்டிலைப் பார்த்தாள். தலையணையில் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. காலையில் சுவரைப் பார்த்து இருந்த முகம். மாமியாரிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? உங்கள் மகன் பிழைத்து எழுந்தால் எனக்குப் பயம் என்றா? அந்தச் சிரிப்பை ஒரு வருடம் கழித்து இப்போதுதான் பார்க்கிறாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

முன்னோட்டப் பதிப்பு வெளிவந்த நாளன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். இயக்குநர் அவள் பேரைத் தனியாகச் சொல்லி நன்றி சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். இனி அந்த மூச்சு இந்தக் கூடத்தில் மட்டும் இல்லை, யார் யாரோ வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு ஆடுகிறவர்களின் காதில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது தட்டுவார்கள். அது நிற்கும். கேட்கும். திரும்பும். அவள் கேக்கை ஒரு விள்ளல் வாயில் போட்டாள், இனிப்பு தெரியவில்லை, வெயில் இறங்குவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா? முதல் ஆள் மாட்டினதும் மெசேஜ் போடறேன்க்கா," என்று பொறுமை வாசல்வரை வந்து சொன்னான்.

வீட்டுக் கதவு சாத்தாமல் சும்மா ஒருக்களித்து இருந்தது. மாமியார் அவள் வரும் நேரம் பார்த்துத் தாழ்ப்பாளை நீக்கிவைப்பது வழக்கம். செருப்பைக் கழற்றி, கதவை நகர்த்தி, உள்ளே வந்தாள். கூடத்தில் சாயங்கால வெளிச்சம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. சமையலறையில் குழாய் ஓடியது. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு அப்பாலிருந்து, விசிலாக, ஈரமாக, பாதியில் அறுந்து அறுந்து, மூச்சு வந்துகொண்டிருந்தது.

மூச்சு கேட்கும்வரை பயமில்லை.

பையைத் தோளிலிருந்து இறக்கப்போனாள். பையின் கொக்கி நாற்காலியில் பட்டது. சின்னச் சத்தம்.

மூச்சு நின்றது.

அவளும் நின்றாள். ஒரு கால் முன்னால், பை பாதித் தோளில். ஒரு வருடமாக இப்படி ஒரு நிசப்தத்துக்குத்தான் அவள் தயாராகியிருந்தாள். மூச்சு நின்றால் போய்விட்டான் என்று அர்த்தம், அப்போது யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். போய்விட்டான் என்று இப்போது தோன்றவில்லை.

கேட்கிறது.

சமையலறையில் குழாய் நின்றது. "வந்துட்டியாம்மா?" என்றது மாமியாரின் குரல்.

பதில் சொல்லவில்லை.

கட்டில் கிரீச்சென்றது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பதிவிலிருந்து அவள் வெட்டியெறிந்த அதே சத்தம், அதே நீளம், முடிவில் அதே சிறு முனகல். அசையமுடியாதவன் கிடக்கும் கட்டில் ஏன் சத்தம் போட்டது என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. சத்தம் இடைஞ்சலாக இருந்தது, வெட்டினாள்.

பாதிக் கதவில் போர்வை நகர்வது தெரிந்தது. பிறகு ஒரு பாதம். தரையில். பிறகு இன்னொன்று.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். மருமகள் சிலையாக நிற்பதைப் பார்த்தாள். அவள் பார்வை போன பக்கம் பார்த்தாள். துணி கையிலிருந்து விழுந்தது.

இவள் கையைத் தூக்கினாள். வேண்டாம் என்று. போகாதீர்கள் என்று. உதட்டில் விரலை வைத்தாள். மாமியார் அதையெல்லாம் பார்க்கவில்லை. கண் நிறைய மகன்தான் இருந்தான்.

"எழுந்துட்டியாப்பா," என்றாள். "என் ராசா. அம்மாடா. அம்மா இங்கதான் இருக்கேன்."

கூப்பிட வேண்டும். அத்தை என்று ஒரு சொல். வாய் திறந்தது. கூப்பிடக்கூடாது. ஓடக்கூடாது. நின்ன இடத்துல நிக்கணும். வாய் திறந்தபடியே நின்றது. அவள் கூப்பிடவில்லை.

மாமியார் உள்ளே போனாள். வளையல் சத்தம். அழுகையும் சிரிப்புமாக ஏதோ பேச்சு. "ஏன்டா இப்படிப் பாக்கறே?" என்றது கேட்டது.

பிறகு வெள்ளரிக்காய் ஒடிந்தது.

விளையாட்டுக்கு அவள் செய்துகொடுத்த அளவுக்குப் பெரிதாக இல்லை. சின்னதாகத்தான் இருந்தது.

வளையல் ஒன்று தரையில் உருண்டு, சுற்றி, படுத்தது.

அமைதி.

பிறகு மூச்சு. விசில். ஈரம். இன்னொன்று. பாதியில் அறுந்த ஒன்று. அறையில் இருவர் இருக்க வேண்டும். அவள் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். தொழிலுக்குப் பழகிய காது. அந்த ஒரு மூச்சைத் தவிர எதுவும் இல்லை.

அப்போதுதான் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து, ஒரு வருடமாக எங்கே கிடந்ததோ, மொத்தமாக, மார்பை முட்டிக்கொண்டு, தொண்டைக்கு. கண் நிறைந்து வழிந்தது. வாய்விட்டு அழுதால் லேசாயிடும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே கண்ணீர் இறங்கியது. சத்தம் வரவில்லை. வரவிடவில்லை.

மூச்சு போய்வந்தது. கதவை நோக்கி வந்தது. நின்றுவிடவில்லை. அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கேட்கும்வரை பயமில்லை.

தோளில் தொங்கிய பைக்குள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.

மூச்சு நின்றது.